திருப்பிப் பார்த்தாச்சு

அந்த ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. மைக்ராஸ்கோப் ஓட்டுகிறவள் ஊசி அக்கா. அவளுடைய கூடப்பிறந்த தம்பி, வெளிச்சத்தை உலகத்தில் வேறு யாரும் சுருக்காத அளவுக்குச் சுருக்கிக் காட்டியவன் என்பதால், ரெக்கார்டு. அவன் சொன்ன அளவில் சரிபாதியைத் தாண்ட முடியாமல் இரண்டு வருஷமாகத் தவிக்கிற ஆராய்ச்சி மாணவிக்குப் பாதி என்று பெயர். "பாதி வந்தாச்சா?" "பாதி சாப்பிட்டாச்சா?" என்று அவள் காதுபடவே கேட்பார்கள். எல்லாரும் பெரிய படிப்புப் படித்தவர்கள்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பாதியை வெளியே அனுப்புவதற்குக் கூட்டம். முன்னேற்ற ஆய்வு என்று அதற்கு நாகரிகமான பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் அவளுடைய மேஜையை யாருக்குக் கொடுப்பது என்று திங்கட்கிழமையே பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் பக்கத்து மேஜை வேறு, கேட்கவா வேண்டும்.

விஷயம் என்னவென்று தெரியாதவர்களுக்கு: வெளிச்சத்துக்கு ஒரு நீளம் உண்டு. இவர்கள் புழங்குகிற, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தின் ஓர் அலை, தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. கேட்பதற்குச் சின்னதுதான். ஆனால் அணுக்களின் உலகத்தில் அது வாசலில் நுழையாத கட்டில். உள்ளே கொண்டுபோக ஒரு வழி இருக்கிறது, கல்யாணம் செய்துவைப்பது. போரான் நைட்ரைடு என்கிற படிகத்தை டேப்பில் ஒட்டி ஒட்டிப் பிரித்து, பத்துப் பன்னிரண்டு அணு அடுக்கு மட்டும் மிஞ்சும்படி மெல்லிசாக்கினால், அந்தச் செதிலில் அணுக்களெல்லாம் சேர்ந்து நடுங்கும். வெளிச்சம் அந்த நடுக்கத்தோடு ஜோடி சேர்ந்தால் அதற்குப் போலாரிட்டான் என்று பெயர். கல்யாணத்துக்கு முன்னால் விநாடிக்கு ஏழு தடவை பூமியைச் சுற்றத் தெம்பிருந்த வெளிச்சம், அதற்கப்புறம் நடை தளர்ந்து, உடம்பு குறுகி, செதிலுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். இதை விளக்கும்போது கூடத்தில் கல்யாணமான ஆண்கள் மட்டும் கொஞ்சம் பலமாகச் சிரிப்பார்கள்.

அடங்கிக் கிடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்குத்தான் ஊசி. உலோகம் பூசிய, முனையே தெரியாத ஊசி ஒன்று செதிலின் மேல் தொட்டும் தொடாமலும் நகரும். லேசர் அந்த ஊசி மேல் விழும். குளத்தின் கரையோரம் அலை படிந்த மாதிரி, செதிலின் ஓரத்தை ஒட்டி வரிசையாகக் கோடுகள் திரையில் விழும். கோட்டுக்குக் கோடு எவ்வளவு தூரம் என்று அளந்தால் வெளிச்சம் எவ்வளவு சுருங்கியது என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு வில்லங்கம். அலை ஊசியிலிருந்து கிளம்பி, ஓரத்தில் முட்டி, திரும்பி வந்தால் போக ஒரு நடை, வர ஒரு நடை. அப்போது அளந்த தூரத்தை இரண்டால் பெருக்க வேண்டும். ஓரத்திலிருந்தே கிளம்பி வந்தால் ஒரே நடை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ரெக்கார்டின் செதிலில் கோட்டுக்குக் கோடு ஐம்பது நானோமீட்டர். ஓரத்திலிருந்து கிளம்பிய அலை என்றால் வெளிச்சம் நூற்று நாற்பது மடங்கு சுருங்கியிருக்கிறது, அது சாதனை. ஊசியிலிருந்து கிளம்பியது என்றால் எழுபது மடங்கு. அதைப் பலரும் செய்திருக்கிறார்கள், யாரும் மாலை போடவில்லை.

எது என்று கண்டுபிடிப்பது சுலபம். செதில் உட்கார்ந்திருக்கும் சிலிக்கான் சில்லைக் கால் வட்டம் திருப்பி வைத்து மறுபடியும் பார்க்க வேண்டும். லேசர் வரும் திசைக்கு ஓரம் வேறு கோணத்தில் நிற்கும். ஓரத்து அலை என்றால் கோடுகளின் இடைவெளி மாறும். ஊசி அலை என்றால் மாறாது. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மத்தியானம் பாதி மைக்ராஸ்கோப் அறைக்கு வந்தாள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய, பேசினால் சொந்தக் குரலே அந்நியமாகக் கேட்கிற சின்ன அறை.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? திட்டக் கூடாது."

"மொதல்ல கேளு. திட்டறதா வேணாமான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

"உங்க தம்பி சாரோட பேப்பர்ல, சில்லைத் திருப்பி வச்சு சரிபாத்தாச்சுன்னு ஒரு வரி வருது. பக்கத்துலயே, 'படம் இணைக்கப்படவில்லை'ன்னு போட்டிருக்கு. அந்தப் படம் உங்ககிட்ட இருக்குமா?"

அக்கா லென்ஸ் துடைக்கிற காகிதத்தை நாலாக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள்.

"மூணு வருஷம் ஆச்சேம்மா. கம்ப்யூட்டரே ரெண்டு தடவ மாத்தியாச்சு."

"நான் செதில் பக்கத்துலயே தங்கப் பட்டை வச்சு, அதுலேருந்து அலையக் கிளப்பறேன்க்கா. எங்கேருந்து கிளம்புதுங்கற சந்தேகமே கிடையாது. அப்பவும் நூறு, நூத்தி ரெண்டு, தொண்ணூத்தொம்பது. அம்பது வருவேனாங்குது. என் செதில்லாம் அழுக்குங்கறாங்க. என் கை சுத்தமில்லையாம்."

"கையெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. நகத்தைத்தான் மிச்சம் வைக்கல."

பாதி சிரித்தாள். சிரித்துவிட்டு, "அந்தப் படம் மட்டும் கெடச்சா, நான் எங்க தப்புப் பண்றேன்னு நானே அவங்க முன்னாடி காட்டிருவேன்க்கா. தப்பு தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லி இன்னும் ஆறு மாசம் கேக்கலாம்," என்றாள்.

தான் தப்புச் செய்ததற்கு ஆதாரம் தேடி ஒருத்தி வந்து நிற்கிறாள். அக்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்படி ஒரு படமே கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன் நடந்தது இவ்வளவுதான். ஊசி ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நல்ல ஊசி அமைந்துவிட்டால் சில்லு உட்காரும் மேடையைத் தொடக் கூடாது. பத்து ஊசி மாட்டினால் ஒன்றுதான் ஒழுங்காகப் படம் தரும். அந்த ஒன்று வேலை செய்துகொண்டிருக்கும்போது சில்லைக் கழற்றுவதும், திருப்புவதும், லேசரைத் திருப்பிவிடும் கண்ணாடியை மறுபடி நேர்ப்படுத்துவதும் வீட்டில் தூங்கும் குழந்தையைத் தட்டி எழுப்புவது மாதிரி. யாரும் செய்ய மாட்டார்கள். அன்றைக்கு மாட்டியிருந்தது அப்படி ஓர் ஊசி. தம்பி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான், அன்று சாயங்காலத்துக்குள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். "திருப்பிப் பாத்தியாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டான். மூன்றாம் தடவை கேட்பதற்குள் அக்கா பதிவேட்டில் ஒரு வரி எழுதினாள்: 'திருப்பிப் பார்த்தாச்சு. இடைவெளி மாறுகிறது.' மாறத்தான் போகிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளைக்கு வேறு ஒருவருடைய சில்லு மேடையில் இருந்தது.

அம்மா அப்பா போன பிறகு அவனைக் கரையேற்றியது அவள்தான். அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு அக்கம்பக்கத்தில் நாலு கதை உலவுகிறது. நாலிலும் தம்பி வருவான். அந்த ஒரு வரியால் அவன் பெரிய ஆளானான். நிரந்தர வேலைக்கான கடிதம் அடுத்த மாசம். தம்பி பெண்டாட்டிக்கு ஏழாம் மாசம். நிறுவனம் தரப்போகும் பெரிய வீட்டுக்கு அவள் இப்போதே மனசால் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை எல்லாரும் சாப்பிடப் போனதும் அக்கா ஈரம் புகாத அலமாரியைத் திறந்து அந்தச் சில்லை எடுத்தாள். நகத்தளவு சதுரம். அதன் மூலையில், தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற வெளிறிய நீலப் புள்ளிதான் செதில். முதலில் பழைய வாக்கில் வைத்துப் பார்த்தாள். ஐம்பது. கழற்றி, கால் வட்டம் திருப்பி, கண்ணாடியைச் சரிசெய்து, புள்ளியைத் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அடிக்கொரு தரம் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. ஒருவரும் வரவில்லை.

படம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக விழும். இருபத்தைந்து நிமிஷம். நாலாவது நிமிஷத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கடைசி வரி வரை உட்கார்ந்திருந்தாள், நடுவில் எங்காவது மனசு மாறும் என்பதுபோல. மாறவில்லை. ஐம்பது. அப்போதும் ஐம்பது, இப்போதும் ஐம்பது. ஊசியிலிருந்து கிளம்பி ஊசிக்கே திரும்பிய அலை. அதை இரண்டால் பெருக்கினால் நூறு. பாதி இரண்டு வருஷமாகச் சரியாகத்தான் அளந்துகொண்டிருக்கிறாள்.

படத்தைச் சேமிக்கவா என்று திரை கேட்டது. சேமித்தால் அவள் பெயரோடு, தேதியோடு பொதுக் கம்ப்யூட்டரில் போய் உட்காரும். வேண்டாம் என்று அழுத்தினாள்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, அக்கா அவனைத் துணி காயப்போடும் பால்கனிக்குக் கூப்பிட்டாள். ஈரப் போர்வைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள்.

"இன்னைக்குத் திருப்பிப் பாத்தேன்டா."

"எதை?"

"அதைத்தான். மாறல."

போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அப்ப அன்னைக்கு மாறுதுன்னு எழுதினியே?" என்றான்.

"அன்னைக்குத் திருப்பவே இல்ல."

"ரெண்டு தடவ கேட்டேனேக்கா. ரெண்டு தடவ!"

"கேட்ட. வாசல்ல நின்னு, செருப்பைக்கூடக் கழட்டாம கேட்ட."

"ஓ, இப்ப தப்பு என்மேலயா? உன் கையெழுத்து. உன் பதிவேடு. நான் என்ன, ஊசியைத் தொட்டேனா?"

"யார் தப்புன்னு பேச வரல. அந்தப் பொண்ணை நாளான்னைக்கு அனுப்பப் போறீங்க. கூட்டத்துல நீயும் உக்காரப் போற."

உள்ளேயிருந்து தம்பி பெண்டாட்டி, "அண்ணி, புது வீட்டுல உங்களுக்குக் கிழக்குப் பக்க ரூம்தான், சொல்லிட்டேன். வெயில் பிரச்சினையே இருக்காது," என்று குரல் கொடுத்தாள். எந்த நேரத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பதில் அவளை அடிக்க ஆளில்லை.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "சேமிச்சியா?"

"இல்ல."

"அப்ப மிச்சம் அந்தச் செதில் ஒண்ணுதான்." போர்வையை விலக்கி முதல் தடவையாக அவளைப் பார்த்தான். "பழைய செதில். மூணு வருஷம் ஆச்சு. ஊசி எறங்கறதெல்லாம் சகஜம்தானேக்கா. மாசத்துக்கு ரெண்டு போகுது."

வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குச் சண்டை போட ஒரு பிடி கிடைத்திருக்கும். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அவள்தான் பரிமாறினாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சில்லு மேடையில் இருந்தது. ஊசி செதிலில் இடித்துவிடாமல் மிதப்பதற்கு ஓர் எண்தான் காவல். திரையின் ஓரத்தில் இருக்கும் அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே போனால் ஊசி இறங்கும். இருபது வருஷமாக அந்த எண் குறையாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். பக்கத்து அறையில் யாரோ பிறந்தநாளோ என்னவோ கைதட்டினார்கள். அக்கா எண்ணைக் குறைத்தாள்.

சத்தமே இல்லை. அத்தனை பெரிய காரியத்துக்கு ஒரு 'டக்' கூட இல்லை. ஒரு தடவை ஓட்டியதில் செதிலில் கீறல் விழுந்தது. போதாது என்று பட்டது. பாத்திரத்தில் அடிப்பிடித்ததைச் சுரண்டுகிற மாதிரி நாலு தடவை ஓட்டினாள். செதில் கிழிந்து, சுருண்டு, ஒரு மூலையில் குவிந்தது. கோடு, ஓரம், இடைவெளி எதுவும் இல்லை. அப்படி ஒரு மெல்லிசு இன்னொரு தடவை கிடைக்க ஆயிரம் தடவை டேப் பிரிக்க வேண்டும். அப்போதும் கிடைத்தால் உண்டு. பதிவேட்டில், 'ஊசி இறங்கிவிட்டது. செதில் சேதம்' என்று எழுதினாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்ட அறையில் தலைமைப் பேராசிரியர், தம்பி, வேறு துறையிலிருந்து வந்த இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் பிஸ்கட்டைத் தவிர வேறெதிலும் தலையிடவில்லை. பாதியின் செதில்கள் எந்த லட்சணத்தில் இருந்தன என்று சொல்வதற்காக அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். அழுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிடும்.

அதற்குமுன் பாதி எழுந்தாள். எழுதிக் கொண்டுவந்த தாளைப் பார்க்கவே இல்லை.

"சார், என் கைதான் சரியில்லன்னு நினைக்கறேன். ரெண்டு வருஷம் பாத்துட்டேன். பேப்பர்ல சாருக்கு வந்தது எனக்கு வரல. தப்பு எங்கன்னு எனக்குத் தெரியல, ஆனா தப்பு என்னோடதுதான். இன்னும் ஆறு மாசம் குடுத்தீங்கன்னா..."

தம்பி மேஜையில் இருந்த பேனாவை நேராக்கிக்கொண்டிருந்தான்.

"அவ கையில தப்பில்ல சார்," என்றாள் அக்கா.

எல்லாரும் திரும்பினார்கள். பிஸ்கட்காரர்கள்கூட.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கோர்வையாகச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையில் ஆரம்பித்து, மூன்று வருஷம் பின்னால் போய், மறுபடி செவ்வாய்க்கிழமைக்கு வந்தாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். நல்லது எதையும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்த முகம்.

"சரி. செவ்வாய்க்கிழமை எடுத்த படம் எங்கம்மா?"

"சேமிக்கல சார்."

"செதில்?"

"நேத்து ஊசி எறங்கிருச்சு."

"தானாவா?"

"நான்தான் எறக்கினேன்."

பேராசிரியர் பழைய பதிவேட்டை வரவழைத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினார். "இதோ, 'திருப்பிப் பார்த்தாச்சு, இடைவெளி மாறுகிறது.' இது உங்க கையெழுத்துதானே?"

"அது பொய் சார்."

"இப்ப சொல்றது?"

செய்யாத சோதனையை எழுதியபோது ஒருத்தரும் அவளிடம் படம் கேட்கவில்லை. செய்த சோதனையைச் சொல்கிறாள், கையில் ஒன்றும் இல்லை. அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்லலாம். பால்கனியில் பேசியதைச் சொல்லலாம்.

அவன் சொன்னான். குரலில் அவ்வளவு கனிவு. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. அக்காவுக்கு இந்தப் பொண்ணு மேல பாசம் ஜாஸ்தி. வீட்டுலயும் கொஞ்ச நாளா சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. நான்தான் கவனிச்சிருக்கணும்."

அறையே மூச்சு விட்டது. நிம்மதி என்பது இவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று அக்காவுக்கு அதுவரை தெரியாது.

"வேற செதில்ல திருப்பிப் பாக்கலாமே சார்," என்றாள் பாதி. அவள் ஒருத்திதான் இன்னும் அறிவியல் பேசிக்கொண்டிருந்தாள். "சாரோட கட்டுரைல இருக்கற தடிமனுக்குப் பக்கத்துல ஒண்ணு கெடச்சாக்கூடப் போதும்."

"பாக்கலாம்மா. கண்டிப்பா பாக்கணும்," என்றார் பேராசிரியர். "யாராவது பாப்பாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு மாசம் லீவு எடுத்துக்கங்கம்மா. மைக்ராஸ்கோப் சாவியை ஆபீஸ்ல குடுத்துருங்க. ஒரு செதிலை வேணும்னே சேதம் பண்ணினேன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அதை நான் கேக்காத மாதிரி இருக்க முடியாது."

அதை மட்டும் நம்பினார்கள்.

பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே முடிந்தது. பாதிக்கு ஆறு மாசம் கிடைக்கவில்லை, ஆறு நாள்கூடக் கிடைக்கவில்லை. நடைபாதையில் அக்கா காத்துக்கொண்டிருந்தாள். பாதி மேஜையைக் காலி செய்துவிட்டு, தோளில் பையும் கையில் பிளாஸ்டிக் டப்பாவுமாக வந்தாள். டப்பாவில் அவளுடைய நாற்பத்தோரு சில்லுகள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் அக்காவுக்கு நிற்க ஓர் இடம் கிடைத்திருக்கும். வரவில்லை.

"திருப்பறதுக்கு முன்னாடி எவ்வளவுக்கா இருந்துச்சு? கோட்டுக்குக் கோடு?"

"அம்பது."

"திருப்பினதுக்கப்புறம்?"

"அம்பதேதான்."

"அப்ப நூறு." உதட்டுக்குள் என்னவோ கூட்டிக் கழித்தாள். "கடைசியா எடுத்தது எனக்கு நூத்தி ரெண்டு." இரண்டு வருஷமாக அவளுடைய முகத்தில் யாரும் பார்க்காத ஒரு தெளிவு வந்தது, வந்த வேகத்தில் போனது. "செவ்வாய்க்கிழமையே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"புதன்கிழமை வரைக்கும் செதில் இருந்துச்சு."

"இருந்துச்சு."

பாதி தலையாட்டினாள். நேரம் கேட்டவளுக்கு நேரம் சொன்னால் ஆட்டுகிற மாதிரி. டப்பாவை என்ன செய்யச் சொன்னார்கள் என்று அக்கா கேட்டாள். அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார்களாம், அலமாரியில் இடம் வேண்டுமாம்.

"என்கிட்ட குடும்மா. நான் வச்சிருக்கேன்." அக்கா இரண்டு கையையும் நீட்டினாள்.

பாதி அந்தக் கைகளைப் பார்த்தாள். டப்பாவை மார்போடு கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். நடைபாதை முடிவில், உடைந்த கண்ணாடியும் சிலிக்கானும் போடுவதற்கென்று ஒரு மஞ்சள் தொட்டி உண்டு. அங்கே போய், மூடியைக் காலால் அமுக்கித் திறந்து, ஒவ்வொரு சில்லாக இடுக்கியால் எடுத்து உள்ளே போட்டாள். செதில் இருக்கிற பக்கம் கீறிவிடாமல், ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்தாள்.